கலப்புப் பின்னத்தைத் தசமமாக மாற்றுவது எப்படி? நூல், அடி, சென்ட், பவுன் கணக்குகளோடு ஒரு முழு வழிகாட்டி

மூன்றே கால் சென்ட், ஒன்றே முக்கால் பவுன், இரண்டரை முழம் மல்லி. மதுரையில் வாய் பேசுகிற அளவெல்லாம் கலப்புப் பின்னம்தான். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டின் எலெக்ட்ரானிக் தராசு, தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடை பில், பத்திரத்தில் ஏறும் சதுர அடி, கையில் இருக்கும் செல்போன் கால்குலேட்டர் ஆகிய எல்லாம் பேசுவது தசமம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகத் தெரியாமல் பிள்ளைகள் மார்க்கை விடுகிறார்கள், பெரியவர்கள் பணத்தை விடுகிறார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும், மனை வாங்கப் போகிற அப்பாவுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முழு எண்ணைத் தொடவே வேண்டாம்

ஒரு முழு எண்ணும் ஒரு தகு பின்னமும் (ஒன்றைவிடச் சிறிய பின்னம்) சேர்ந்து நின்றால் அது கலப்புப் பின்னம். 7 5/8 என்றால் ஏழு முழுசு, அதோடு எட்டில் ஐந்து பங்கு. பின்னத்தில் மேலே இருக்கும் 5 தொகுதி, கீழே இருக்கும் 8 பகுதி. ஏழுக்கும் ஐந்துக்கும் நடுவில் கூட்டல் குறி இல்லையே தவிர, அங்கே இருப்பது கூட்டல்தான். பெருக்கல் என்று நினைத்துக்கொள்ளும் பிள்ளைகள் நிறைய உண்டு. நோட்டில் எழுதும்போது முழு எண்ணைப் பெரிதாகவும் பின்னத்தைச் சற்றுத் தள்ளியும் எழுதச் சொல்லுங்கள். நெருக்கி எழுதினால் அது 75/8 ஆகிவிடும்.

கூட்டல் என்பதால் ஏழுக்கு நாம் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. தசமப் புள்ளிக்கு இடப்பக்கம் அது அப்படியே உட்கார்ந்துகொள்ளும். மாற்ற வேண்டியது 5/8 மட்டும். விடை ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்தான் வரும் என்பதும் கணக்கைத் தொடங்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. எட்டில் ஐந்து என்பது பாதிக்கு மேல், ஆகவே ஏழரையைத் தாண்டும். இந்த மதிப்பீட்டை மனதில் வைத்துக்கொண்டால் பெரிய பிழைகள் தப்பாது, ஆனால் 7.58 என்று எழுதுவதை இது பிடிக்காது. தொகுதியையும் பகுதியையும் புள்ளிக்குப் பின்னால் அடுக்கி எழுதுவது எத்தனையோ விடைத்தாளில் வரும் பிழை. இங்கே 7.58 உண்மையான விடைக்குக் கிட்டத்தில் இருப்பதால் திருத்துபவர் கண்ணுக்கே தப்பிவிடும். 3 1/4 ஐ 3.14 என்று எழுதும்போதுதான் பளிச்சென்று தெரியும்.

முதல் வழி: பகுதியைப் பத்தாக, நூறாக, ஆயிரமாக ஆக்குவது

தசமப் புள்ளிக்கு வலப்பக்கம் முதல் இடம் பத்தில் ஒன்று, அடுத்தது நூறில் ஒன்று, அதற்கடுத்தது ஆயிரத்தில் ஒன்று. ஆகவே பின்னத்தின் பகுதியை 10, 100, 1000 இவற்றில் ஒன்றாக மாற்ற முடிந்தால் வேலை முடிந்தது.

3 7/20 ஐ எடுத்துக்கொள்வோம். இருபதை ஐந்தால் பெருக்கினால் நூறு. கீழே பெருக்கியதை மேலேயும் பெருக்க வேண்டும். 7 × 5 = 35. ஆகவே 7/20 = 35/100 = 0.35. முழு எண்ணைச் சேர்த்தால் 3.35.

இந்த வழியில் பிள்ளைகள் வழுக்குவது பூஜ்யத்தில்தான். 2 1/25 ஐப் பாருங்கள். நான்கால் பெருக்கினால் 4/100. பலரும் 2.4 என்று எழுதுவார்கள். நூறில் நான்கு என்றால் நான்கு இரண்டாவது இடத்தில் நிற்க வேண்டும், முதல் இடத்தில் பூஜ்யம் வர வேண்டும். சரியான விடை 2.04. பகுதியில் எத்தனை பூஜ்யமோ, புள்ளிக்குப் பின்னால் அத்தனை இலக்கம் இருந்தாக வேண்டும். 4 3/40 இன்னும் நல்ல பயிற்சி. நாற்பதை இருபத்தைந்தால் பெருக்கினால் ஆயிரம், மூன்றை இருபத்தைந்தால் பெருக்கினால் 75. ஆயிரத்தில் மூன்று பூஜ்யம், ஆகவே 075. விடை 4.075.

பகுதி 2, 4, 5, 20, 25, 50 என்று இருக்கும்போது இந்த வழியே போதும். வகுத்துக்கொண்டிருப்பது நேர விரயம்.

இரண்டாவது வழி: வகுப்பது

எந்தப் பின்னத்துக்கும் பொருந்துவது இதுதான். தொகுதியைப் பகுதியால் வகுக்க வேண்டும், அவ்வளவே. 5/8 ஐ முழுவதும் செய்து பார்ப்போம்.

ஐந்தில் எட்டு போகாது. ஈவில் பூஜ்யம் எழுதி, புள்ளி வைத்துவிட வேண்டும். ஐந்துக்குப் பக்கத்தில் ஒரு பூஜ்யம் சேர்த்தால் 50. எட்டாறு நாற்பத்தெட்டு, ஈவு 6, மீதி 2. அதற்கு ஒரு பூஜ்யம், 20. ஈரெட்டுப் பதினாறு, ஈவு 2, மீதி 4. இன்னொரு பூஜ்யம், 40. ஐயெட்டு நாற்பது, ஈவு 5, மீதி இல்லை. ஈவை வரிசையாகப் படித்தால் 0.625. முழு எண்ணோடு 7.625. சரிபார்க்க 0.625 ஐ எட்டால் பெருக்குங்கள், ஐந்து திரும்பி வரும்.

பூஜ்யம் சேர்ப்பது ஏன் என்று பிள்ளை கேட்டால் சொல்லிவிடுங்கள். ஐந்து ஒன்றுகளை ஐம்பது பத்தில்-ஒன்றுகளாக உடைக்கிறோம். மதிப்பு மாறவில்லை, துண்டு சிறிதாகிறது. புள்ளி வைத்த பிறகு இறக்கும் ஒவ்வொரு பூஜ்யமும் அடுத்த சிறிய இடத்துக்கு இறங்கும் ஒரு படி.

பள்ளியில் இன்னொரு முறையும் சொல்லித் தருவார்கள். கலப்புப் பின்னத்தை முதலில் தகா பின்னமாக்கி, அதாவது 7 × 8 + 5 = 61 என்று 61/8 ஆக்கி, பிறகு 61 ஐ எட்டால் வகுப்பது. விடை அதே 7.625 தான். ஆனால் ஏழை எட்டால் பெருக்கி உள்ளே சேர்த்துவிட்டு, உடனே எட்டால் வகுத்து அதே ஏழை வெளியே எடுக்கிறோம். வினாத்தாள் அப்படிக் கேட்டாலொழிய இந்தச் சுற்று வேண்டாம். பெருக்கல் வகுத்தல் கணக்குகளுக்குத் தகா பின்னம் தேவைப்படும். தசமமாக மாற்ற மட்டும் என்றால் முழு எண்ணை ஓரமாக வைத்துவிடுவதே நல்லது.

வகுக்கும் முன் சுருக்கிப் பாருங்கள். 6 9/12 ஐப் பன்னிரண்டால் வகுக்கத் தொடங்காதீர்கள். மூன்றால் சுருக்கினால் 6 3/4, விடை 6.75 கண்ணிலேயே தெரிகிறது. 2 7/35 சுருங்கினால் 2 1/5, அதாவது 2.2.

எட்டு நூல் ஓர் இஞ்ச்

7 5/8 ஐ எடுத்ததற்குக் காரணம் உண்டு. மரக்கடையிலோ கட்டட வேலையிலோ அதை "ஏழு இஞ்ச் அஞ்சு நூல்" என்பார்கள். ஓர் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். இஞ்ச் டேப்பை விரித்துப் பாருங்கள், இரண்டு எண்களுக்கு நடுவே அரையைக் காட்டும் கோடு நீளமாகவும், காலைக் காட்டும் கோடு அதைவிடக் குட்டையாகவும், நூலைக் காட்டும் கோடு இன்னும் குட்டையாகவும் இருக்கும். நூல் எத்தனை என்று எண்ணிச் சொல்பவர் தொகுதியைத்தான் சொல்கிறார். பகுதி எப்போதும் எட்டு.

ஆகவே எட்டின் வரிசையை ஒருமுறை மனப்பாடம் செய்துவிட்டால் தச்சு, தையல், கம்பி கட்டும் வேலை எல்லாவற்றுக்கும் உதவும். ஒரு நூல் 0.125, இரண்டு 0.25, மூன்று 0.375, நான்கு 0.5, ஐந்து 0.625, ஆறு 0.75, ஏழு 0.875.

கம்பிக் கடையில் "மூணு நூல் கம்பி" என்று கேட்டால் பத்து மில்லிமீட்டர் கம்பியைத் தருவார்கள். கணக்கு இதுதான். ஓர் இஞ்ச் 25.4 மில்லிமீட்டர். 0.375 × 25.4 = 9.525, கிட்டத்தட்ட பத்து. நாலு நூல் 12.7, அதற்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் கம்பி. அஞ்சு நூல் 15.875, அதற்குப் பதினாறு. 7 இஞ்ச் 5 நூல் சென்டிமீட்டரில் வேண்டுமென்றால் 7.625 × 2.54 = 19.3675. பின்னமாகவே வைத்துக்கொண்டு இதைப் பெருக்கிப் பாருங்கள், தசமம் எவ்வளவு வேலையை மிச்சப்படுத்துகிறது என்று தெரியும்.

நகைக் கணக்கிலும் இதே எட்டுதான். ஒரு பவுன் எட்டு கிராம். ஆகவே ஒரு கிராம் 0.125 பவுன். 29 கிராம் சங்கிலி 3 5/8 பவுன், தசமத்தில் 3.625.

முடியும் தசமம், முடியாத தசமம்

2 1/7 ஐ வகுத்துப் பாருங்கள். மீதிகள் 3, 2, 6, 4, 5, 1 என்று வந்து, தொடங்கிய ஒன்றுக்கே திரும்புகின்றன. மீதி திரும்பினால் ஈவும் திரும்பும். 2.142857142857... என்று ஆறு இலக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஏழால் வகுக்கும்போது மீதி ஏழைவிடச் சிறியதாகத்தான் இருக்க முடியும். பூஜ்யத்தை விட்டால் ஆறே மீதிகள். எனவே ஆறு படிக்குள் ஏதாவது ஒன்று திரும்பி வந்தே தீரும். இதைச் சுழல் தசமம் என்கிறோம். சுழலும் இலக்கங்களின் மேல் ஒரு கோடு போட்டுக் காட்டுவது வழக்கம்.

வகுக்காமலே முன்கூட்டிச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. பின்னத்தை முழுதாகச் சுருக்கியபின் பகுதியைப் பகாக்காரணிகளாகப் பிரியுங்கள். அதில் 2, 5 தவிர வேறு எதுவும் இல்லையென்றால் தசமம் முடியும். மூன்றோ ஏழோ பதினொன்றோ உள்ளே இருந்தால் முடியாது. பத்து என்பதே 2 × 5 தானே, வேறொரு பகா எண்ணைப் பத்தாகவோ நூறாகவோ எப்படிப் பெருக்கியும் மாற்ற முடியாது. எத்தனை இலக்கத்தில் முடியும் என்றுகூடச் சொல்லலாம். 40 என்பது 2 × 2 × 2 × 5. அதில் 2 என்ற எண் மூன்று முறை, 5 என்ற எண் ஒரு முறை. எது அதிகமோ அத்தனை இலக்கம். அதனால்தான் 3/40 மூன்று இலக்கத்தில் 0.075 ஆக முடிந்தது.

இந்த விதியைப் பழைய தமிழ்ப் பின்னங்களில் பொருத்திப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. அரை 0.5, கால் 0.25, முக்கால் 0.75, அரைக்கால் 0.125, வீசம் என்கிற மாகாணி 1/16, அதாவது 0.0625. மா 1/20, அதாவது 0.05. காணி 1/80, அதாவது 0.0125. முந்திரி 1/320, அதாவது 0.003125. முன்னூற்று இருபதைப் பிரித்தால் ஆறு இரண்டும் ஓர் ஐந்தும். ஆறு இலக்கத்தில் முடிகிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியாக ஒப்பித்த, கோயில் கல்வெட்டுகளில் நிலம் அளக்கப் பயன்பட்ட இந்த வரிசையில் ஒன்றுகூடச் சுழலாது. தசமப் புள்ளி புழக்கத்துக்கு வருமுன்பே நம்மவர் வைத்திருந்த இந்தப் பகுதிகள் எல்லாம் இரண்டாலும் ஐந்தாலும் ஆனவை. வீட்டில் பெரியவர்கள் யாருக்காவது இந்த வாய்பாடு இன்னும் நினைவிருந்தால் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

அடியும் அங்குலமும்: காசு போகும் இடம்

5 அடி 7 அங்குலத்தை 5.7 அடி என்று எழுதுவது ஊரெங்கும் நடக்கிறது. அடியும் அங்குலமும் சேர்ந்தால் அது பகுதியை வெளியே சொல்லாத கலப்புப் பின்னம். ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம், ஆகவே 5 7/12. ஏழைப் பன்னிரண்டால் வகுத்தால் 0.58333... விடை 5.583 அடி.

கட்டட வேலையில் 5.7 என்று குறித்து வைத்துக்கொள்வது அவர்களுக்குள் புரிகிற குறிப்பு. அதில் தவறில்லை. அந்தக் குறிப்பைக் கால்குலேட்டரில் அடிக்கும்போதுதான் வினை. இந்த முறையில் 5 அடி 9 அங்குலம் 5.9, 5 அடி 10 அங்குலம் 5.10. கால்குலேட்டருக்கு 5.10 என்றால் 5.1. உயரம் கூடியவர் குட்டையாகிவிடுகிறார்.

ஒரு மனையை வைத்துப் பார்ப்போம். அகலம் 30 அடி 9 அங்குலம், நீளம் 42 அடி 4 அங்குலம். முதல் அளவு 30 9/12 = 30 3/4 = 30.75. இரண்டாவது 42 4/12 = 42 1/3 = 42.333... பெருக்கினால் 1301.75 சதுர அடி. இதையே 30.9 × 42.4 என்று போட்டால் 1310.16. வித்தியாசம் 8.41 சதுர அடி. சதுர அடி மூவாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 25,230 ரூபாய், இல்லாத நிலத்துக்கு. மனைக்கு முன்தொகை கொடுக்கும் முன் இந்த ஒரு பெருக்கலையாவது நீங்களே போட்டுப் பாருங்கள்.

பன்னிரண்டின் வரிசையில் சுலபமானவை 3 அங்குலம் 0.25, 6 அங்குலம் 0.5, 9 அங்குலம் 0.75. மற்றவை சுழலும். 1 அங்குலம் 0.083, 2 என்றால் 0.167, 4 என்றால் 0.333, 5 என்றால் 0.417, 7 என்றால் 0.583, 8 என்றால் 0.667, 10 என்றால் 0.833, 11 என்றால் 0.917.

திரும்பி வரவும் தெரிந்திருக்க வேண்டும். வைகை அணை நீர்மட்டம் 66.75 அடி என்று பேப்பரில் போட்டால் அது 66 அடி 75 அங்குலம் இல்லை, 66 அடி 7 அங்குலமும் இல்லை. 0.75 ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 9. ஆகவே 66 அடி 9 அங்குலம். அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி, எனவே இன்னும் 4.25 அடி, அதாவது நாலே கால் அடி பாக்கி.

மணிக் கணக்கும் இப்படித்தான், பகுதி அறுபது. டிராக்டர் உழவு 3 மணி 20 நிமிடம் ஓடியது, மணிக்கு 1,200 ரூபாய் என்று வையுங்கள். 3 20/60 = 3 1/3. கூலி 4,000 ரூபாய். 3.20 என்று அடித்தால் 3,840 வரும், ஓட்டியவருக்கு 160 ரூபாய் குறையும். கிரிக்கெட்டில் 18.4 ஓவர் என்றால் 18 4/6, தசமத்தில் 18.667. அதில் 168 ரன் என்றால் ரன் ரேட் சரியாக 9. புள்ளியை அப்படியே நம்பி 18.4 ஆல் வகுத்தால் 9.13.

சுழல் தசமத்தை எங்கே நிறுத்துவது

ஒரு ஏக்கர் நூறு சென்ட். மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 33 1/3 சென்ட். 33.3 என்று எழுதினால் மூன்று பங்கும் சேர்ந்து 99.9 தான். விடுபட்டது 0.1 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஆக 43.56 சதுர அடி யார் பங்கிலும் இல்லை. ஒரு சின்னக் குளியலறை கட்டுகிற இடம் அது. 33.33 என்று எழுதினால் விடுபடுவது 4.356 சதுர அடி. 33.333 என்றால் அரை சதுர அடிகூட இல்லை.

ஆகவே கணக்கின் நடுவில் முறிக்காதீர்கள். பின்னமாகவே கடைசி வரை கொண்டுபோய், விடையில் மட்டும் முழுதாக்குங்கள். நிறுத்தும் இடத்துக்கு அடுத்த இலக்கம் ஐந்தோ அதற்கு மேலோ என்றால் முந்தைய இலக்கத்தில் ஒன்று கூடும். 5 2/3 இரண்டு இலக்கத்தில் 5.67. பங்குப் பத்திரம் போன்றவற்றில் 33 1/3 என்று பின்னமாகவே எழுதச் சொல்லிக் கேட்பதுதான் என் கருத்தில் சரி. தசமத்தால் மூன்றில் ஒன்றை முழுதாக எழுதவே முடியாது.

கால்குலேட்டரில் அடிக்கும் வரிசை

கடை மேசையில் இருக்கும் சாதாரண கால்குலேட்டரில் 7 + 5 ÷ 8 என்று அடித்தால் 1.5 வரும். அது அடித்த வரிசையிலேயே கணக்குப் போடுகிறது. முதலில் 12, பிறகு எட்டால் வகுக்கிறது. செல்போனில் அதையே அடித்தால் வகுத்தலை முதலில் செய்து 7.625 காட்டும். எந்தக் கருவியிலும் பிசகாமல் இருக்க, பின்னத்தை முதலில் அடியுங்கள்: 5 ÷ 8 + 7. இரண்டிலும் 7.625 தான் வரும்.

குறை எண் வந்தால்

−2 3/4 என்றால் குறைக்குறி மொத்தத்துக்கும் உரியது. பின்னத்தை மாற்றி, முழு எண்ணைச் சேர்த்து, கடைசியில் குறி போட வேண்டும். விடை −2.75. மைனஸ் இரண்டோடு 0.75 ஐக் கூட்டினால் −1.25 ஆகிவிடும், அது தவறு.

போட்டுப் பார்க்கச் சில கணக்குகள்

4 3/16 க்கு நான்கு இலக்கம் வர வேண்டும், 4.1875. 6 18/24 ஐச் சுருக்கினால் 6.75. 1 3/125 ஐ எட்டால் பெருக்கிப் பாருங்கள், பூஜ்யத்தை மறக்காவிட்டால் 1.024. 2 5/11 சுழலும், 2.4545... 9 அடி 8 அங்குலம் மூன்று இலக்கத்தில் 9.667 அடி. 11 இஞ்ச் 7 நூல் 11.875 இஞ்ச், சென்டிமீட்டரில் 30.1625. அதே டிராக்டர் 4 மணி 45 நிமிடம் ஓடினால் கூலி 5,700 ரூபாய்.